ஐம்பது சொற்களும் ஒரு பெருக்கல் குறியும்: டெல்டா மாவட்ட ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் மேல்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நான் ஆசிரியை இல்லை. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கடைமடை ஊரில் பிறந்து, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, இப்போது வங்கியில் எழுத்தராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆங்கிலம் படிக்கிறேன். சொல்லிக்கொடுக்கிறேன் என்பதைவிடச் சேர்ந்து படிக்கிறேன் என்பதுதான் சரி.

போன மாதம் என் அண்ணன் மகள் அவளுடைய நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். வாரத்துக்கு ஐம்பது கடினமான ஆங்கிலச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு தமிழ்ச் சொல், வெள்ளிக்கிழமை டெஸ்ட். சொந்த வாக்கியம் எழுதச் சொன்ன இடத்தில், அம்மா வைத்த பாயசம் மெலிஃப்ளுவஸாக இருந்தது என்று எழுதியிருந்தாள். அதன் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் ஒரு எழுத்துகூட இல்லை.

"மெலிஃப்ளுவஸ்னா இனிமையானன்னுதானே அத்தை எழுதிப் போட்டாங்க? பாயசம் இனிமையாத்தானே இருக்கு?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. கொடுத்த பொருளை அப்படியே நம்பி, அதை வைத்துத் தானாக ஒரு வாக்கியம் எழுதினாள். தப்பு அவளிடம் இல்லை, கொடுத்த பொருளில் இருக்கிறது. அந்தச் சொல்லில் இரண்டு லத்தீன் துண்டுகள் இருக்கின்றன. ஒன்று தேன், இன்னொன்று ஒழுகுதல். அது குரலுக்கும் இசைக்கும் பேச்சுக்கும் வரும் சொல். நாக்கில் படும் இனிப்புக்கு வராது. அவள் பேச்சைக் கேட்டால் காதில் தேன் பாய்கிறது என்று நாம் சொல்கிறோமே, அதேதான். இதை இரண்டு நிமிடம் சொல்லியிருந்தால் அந்தப் பெண் ஆயுசுக்கும் மறக்கமாட்டாள்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், எனக்கு நேர்ந்தது அதைவிட மோசம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், எங்கள் கிளை மேலாளர் ஓய்வு பெற்றார். நேர்மைக்குப் பேர்போன மனிதர். பிரிவுபசார மடலை ஆங்கிலத்தில் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். பள்ளியில் நான் மனப்பாடம் செய்த பட்டியலில் நொட்டோரியஸ் என்ற சொல்லுக்கு எதிரே 'பெயர்பெற்ற' என்று இருந்தது. நேர்மைக்கு நொட்டோரியஸ் என்று எழுதிவிட்டேன். அவர் அதை எல்லோர் முன்னாலும் வாசித்தார். அந்த இடத்தில் ஒரு நொடி நின்றார், மறுபடி வாசித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் ஒரு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தச் சொல் கெட்ட விஷயத்துக்காகப் பேர் எடுத்தவர்களுக்குத்தான் வரும் என்று சொன்னார். முப்பத்தைந்து வருடம் உழைத்தவரை அவருடைய கடைசி நாளில் நான் அவமதித்திருக்கிறேன். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லம்மா என்றார். எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.

அந்தப் பட்டியலைப் பொய் என்று சொல்ல முடியாது. அறிந்த, தெரிந்த என்பதுதான் அந்தச் சொல்லின் லத்தீன் வேர். ஆனால் பொருளில் பாதியை மட்டும் கொடுத்தார்கள், அந்தப் பாதிதான் என்னைக் கவிழ்த்தது.

ஒரு சொல்லை எந்த இடத்தில் போடலாம், எந்த இடத்தில் போடக்கூடாது என்பதும் அதன் பொருளில் சேர்த்திதான். நம் பிள்ளைகளுக்கு இது புதிய விஷயமே இல்லை. வடிகாலை வாய்க்கால் என்று சொன்னால் எங்கள் ஊரில் எட்டு வயதுப் பையன்கூடத் திருத்துவான். இரண்டிலும் தண்ணீர்தான் ஓடுகிறது. ஒன்று வயலுக்குக் கொண்டுவருவது, மற்றது வயலிலிருந்து கொண்டுபோவது. மடை வேறு, மதகு வேறு, கலிங்கு வேறு. இத்தனை நுட்பத்தைத் தமிழில் வைத்திருக்கும் பிள்ளைக்கு ஃப்ரூகல் என்ற சொல்லுக்கும் ஸ்டிஞ்சி என்ற சொல்லுக்கும் உள்ள வித்தியாசம் புரியாதா? சிக்கனக்காரர், கஞ்சர் என்று சொன்னால் முடிந்தது. இரண்டுக்கும் எதிரே 'குறைவாகச் செலவழிக்கும்' என்று எழுதிப்போட்டால், இருக்கிற நுட்பமும் போய்விடும்.

நூலகத்தில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். பெரிய முறை ஒன்றும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு வேரை எடுத்துக்கொள்வோம். முதல் தடவை எடுத்தது ஒழுகுதல், பாய்தல் என்று பொருள் தரும் அந்த லத்தீன் வேர். தங்குதடையில்லாமல் பேசுகிறவர் ஃப்ளூயன்ட். ஆறுகள் கூடும் இடம் கான்ஃப்ளூயன்ஸ். ஆலையிலிருந்து வெளியே ஓடும் கழிவுநீர் எஃப்ளூயன்ட். நிரம்பி வழிவது, அதனால் தேவைக்கு மேல் போய்விட்டது சூப்பர்ஃப்ளுவஸ். செல்வம் வந்து பாய்கிற வீடு அஃப்ளூயன்ட். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குள் பாய்வது இன்ஃப்ளூயன்ஸ். ஒரு மணி நேரத்தில் ஆறு சொல். எதையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. அடுத்த வாரம் கேட்டபோது ஆறும் வந்தன.

அடுத்த வாரம் ரைவல். போட்டியாளர் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தச் சொல் சிற்றாறு, ஓடை என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, ஒரே ஓடையில் தண்ணீர் எடுப்பவர்கள்தான் ஆதியில் ரைவல்கள் என்று சொன்னேன். நான் மேட்டூரையும் கர்நாடகத்தையும் நினைத்துக்கொண்டு சொன்னேன். ஒரு பையன் சட்டென்று, "அப்ப நாங்களும் மேலூர்க்காரங்களுமாக்கா?" என்றான். முறைவைத்துத் தண்ணீர் விடும்போது ராத்திரியில் போய் மதகை அடைப்பது யார் என்று அவன் வீட்டில் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவன். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் எங்களுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். அவனுக்கு அந்தச் சொல்லை அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. (ரிவர் என்ற சொல்லுக்கும் இதே வேர்தான் என்று தோன்றும். அப்படி இல்லை. அது கரை என்று பொருள்படும் வேறு சொல்லிலிருந்து வந்தது. காவிரி வழக்குச் செய்திகளில் வரும் ரைபேரியன், ஆற்றங்கரைக்கு உரிய என்ற சொல், அந்தக் குடும்பம். அரைவ் என்பதும் அதே குடும்பம்தான்: கரை சேர்வது.)

அதே ஓடையிலிருந்துதான் டெரைவ் என்ற சொல்லும் வருகிறது. ஓடையிலிருந்து நீரைப் பிரித்து எடுத்துவருவது அதன் பழைய பொருள். கணக்கிலும் இயற்பியலிலும் சூத்திரத்தை வருவி என்று கேட்கிறார்களே, அதுதான். பல வருடமாக அந்தக் கட்டளைக்குப் பதில் எழுதிய பிள்ளைகள், அதற்குள் ஒரு வாய்க்கால் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

எங்கள் நூலகத்துக்குப் பேப்பர் படிக்க வரும் பெரியவர் ஒருவர் உண்டு. எழுபது தாண்டியவர், வாழ்நாள் முழுக்க விவசாயம், ஆங்கிலம் ஒரு எழுத்து தெரியாது. முதலில் சத்தம் போடாதீங்க என்று கடிந்துகொண்டிருந்தவர், ஒருநாள் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு டெலிரியம் என்ற சொல் வந்தது. காய்ச்சல் ஏறி நினைவு தப்பிப் பிதற்றுவது. லத்தீனில் ஏர் தன் சால், அதாவது உழும்போது விழும் கோடு, அதை விட்டு விலகுவதுதான் அதன் மூலம் என்று படித்துக் காட்டினேன். பெரியவர் உடனே, மாடு மிரண்டால்தான் சால் விலகும், உழுகிறவன் கவனம் தப்பினாலும் விலகும், விலகிய சாலைச் சேர்த்துப் பிடிக்கத் திரும்ப உழ வேண்டும் என்று அரைமணி நேரம் சொன்னார். டிராக்டரை மட்டுமே பார்த்த பிள்ளைகள் சால் என்ற தமிழ்ச் சொல்லையே அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டார்கள். ஆங்கிலச் சொல் ஒன்றைப் படிக்கப்போய்த் தமிழ்ச் சொல் ஒன்று கிடைத்தது. எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அப்புறம் அவரே கேட்க ஆரம்பித்தார்: "களத்துல கதிரைப் போரடிக்கிறதுக்கு ஏதாச்சும் வார்த்தை இருக்கா?" இருக்கிறது. பெருந்துன்பம் என்று பொருள்படும் ட்ரிபுலேஷன். ரோமானியர்கள் அடியில் கூரான கற்களைப் பதித்த பலகையைக் கதிர்மேல் இழுத்துத் தானியத்தைப் பிரித்தார்கள். அந்தப் பலகையின் பெயரிலிருந்து வந்த சொல். நாற்றங்காலுக்கு? அது செமினார். விதைத்து நாற்று வளர்க்கும் இடத்துக்கு லத்தீனில் இருந்த பெயர்தான் பிறகு பாடசாலைக்கும் கருத்தரங்குக்கும் ஆனது. விதையைத் தூவுவதுபோலச் செய்தியைப் பரப்புவது டிசெமினேட். வேரோடு பிடுங்குவது இராடிகேட். பணம் சம்பந்தப்பட்ட என்று பொருள்படும் பெக்யூனியரி, ஆடுமாடு என்ற சொல்லிலிருந்து வந்தது. நம் மொழியிலும் மாடு என்றால் செல்வம் என்று ஒரு பொருள் உண்டு. திருக்குறளில் 400-ஆவது குறளில், கல்வியைப் பற்றிப் பேசும் இடத்திலேயே அது வருகிறது. இதைக் கேட்டதும் அந்தப் பெரியவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

எதிர்த்திசையிலும் போகலாம். கொள்ளிடத்தின் குறுக்கே இருக்கும் அணைக்கரைக்கு ஆங்கிலத்தில் லோயர் அனிகட் என்று பெயர். அனிகட் என்றால் என்ன, கஷ்டமான வார்த்தையாக இருக்கிறதே என்று ஒரு பெண் கேட்டாள். அணைக்கட்டுதான் அம்மா. நம் சொல்லை அவர்கள் எடுத்துக்கொண்டு அகராதியில் போட்டுக்கொண்டார்கள். கல்லணை அவர்களுக்கு கிராண்ட் அனிகட். கட்டுமரம் கேட்டமரான் ஆனது. சுருட்டு ஷெரூட், மிளகுத்தண்ணீர் மல்லிகடானி. போன இடத்தில் பொருள் மாறுவதும் உண்டு. இப்போது ஆங்கிலத்தில் கேட்டமரான் என்றால் இரட்டை உடல் கொண்ட படகு. நாகப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை அதைப் பார்த்தால் கட்டுமரம் என்று ஒப்புக்கொள்ளமாட்டான். அவன் சொல்வதும் சரிதான்.

வேரைப் பிடித்தால் எல்லாம் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அதிலும் வழுக்கி விழலாம். எக்ரீஜியஸ் என்று ஒரு சொல். மந்தையிலிருந்து தனித்து நிற்பது என்பது மூலம். அந்தக் காலத்தில் ஒருவரைப் புகழ அதைச் சொன்னார்கள். இன்றைக்கு அப்பட்டமான தவறு, அப்பட்டமான மோசடி என்னும் இடத்தில்தான் வரும். வேரை மட்டும் நம்பி எழுதினால் மறுபடியும் என் பிரிவுபசார மடல்தான். ஆகவே எங்கள் நூலகத்தில் ஒரு சொல்லுக்குக் குறைந்தது இரண்டு வாக்கியமாவது ஆங்கில நாளிதழிலிருந்தோ பாடப்புத்தகத்திலிருந்தோ எடுத்து எழுதவேண்டும் என்று வைத்திருக்கிறோம். நாங்களாகக் கட்டிய வாக்கியம் அதற்குப் பிறகுதான்.

எந்தச் சொற்களைக் கற்பிக்கிறோம் என்பதும் முக்கியம். என் அண்ணன் மகளின் பட்டியலில் ஆன்டிடிலூவியன் இருந்தது. ஊழிவெள்ளத்துக்கு முந்தைய, அதாவது மிகப் பழைய என்று பொருள். அழகான சொல். ஆனால் அதை எத்தனை முறை பார்க்கப்போகிறாள்? நியூசிலாந்தைச் சேர்ந்த ஆவெரில் காக்ஸ்ஹெட் என்ற மொழியியலாளர் 2000-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். எல்லாத் துறைக் கல்லூரி நூல்களிலும் பொதுவாகத் திரும்பத் திரும்ப வரும் சொற்கள், மொத்தம் 570 சொற்குடும்பங்கள். அப்படிப்பட்ட நூல்களில் ஏறக்குறைய பத்துச் சொல்லுக்கு ஒரு சொல் இதில் அடங்கிவிடும். டெரைவ் அதில் முதல் வரிசையிலேயே இருக்கிறது. சிக்னிஃபிகன்ட், கன்சிஸ்ட், அஸ்யூம், இண்டிகேட் எல்லாம் அங்கேதான். தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை முதல் வருடம் தடுக்கி விழுவது இந்த நடுத்தரச் சொற்களில்தான். நான் விழுந்தேன். பாலிடெக்னிக் போனவர்களும் நர்சிங் போனவர்களும் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். மெலிஃப்ளுவஸும் வேண்டும், அது மொழியின் சுகத்துக்கு. ஆனால் அஸ்யூம் தெரியாமல் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அப்புறம் இந்த வெள்ளிக்கிழமை டெஸ்ட். மனிதன் எப்படி மறக்கிறான் என்பதை எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-ல் எழுதினார். படித்த சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடும், மிச்சம் மெதுவாகப் போகும், இடைவெளி விட்டுவிட்டுத் திரும்பப் பார்த்தால்தான் தங்கும். ஐம்பது சொல்லை வியாழன் ராத்திரி படித்து வெள்ளி எழுதி, திங்கள் புது ஐம்பதுக்குப் போனால், முந்தையது எங்கே இருக்கும்? ஒத்திகைக்கு ஆங்கிலத்தில் ரிஹர்சல் என்கிறோம். உழுத நிலத்தில் மண்கட்டி உடைக்க மறுபடியும் பலுகு ஓட்டுவதுதான் அதன் மூலப்பொருள். வாரத்துக்குப் பத்துச் சொல் போதும். அடுத்த வார டெஸ்ட்டில் பழைய ஐந்து, போன மாதத்து மூன்று என்று கலந்து கேளுங்கள்.

கும்பகோணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வலங்கைமானில் 1869-ல் ஏழை வீட்டில் பிறந்த சீனிவாச சாஸ்திரி, கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படித்து, ஆங்கிலேயரே வெள்ளிநாக்குப் பேச்சாளர் என்று கொண்டாடும் அளவுக்கு அந்த மொழியை ஆண்டார். அதே கல்லூரியில் 1904-ல் உதவித்தொகையோடு சேர்ந்த இராமானுஜன், ஆங்கிலத்தில் தேறாமல் அந்த உதவித்தொகையை இழந்தார். ஒரே ஆற்றங்கரை, ஒரே கல்லூரி. உங்கள் வகுப்பிலும் இரண்டு விதப் பிள்ளைகளும் இருப்பார்கள். இரண்டாவது பிள்ளையை நினைத்துத்தான் எனக்குப் பதற்றம்.

உங்கள் சுமை எனக்குத் தெரியாமல் இல்லை. வகுப்பு நிறையப் பிள்ளைகள், பதிவேடுகள், தேர்ச்சி விழுக்காட்டுக்கு மேலிடத்துக் கேள்விகள், நடுவே தேர்தல் வேலை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் விளக்கம் எழுத நேரம் எங்கே என்று நீங்கள் கேட்டால் என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் ஐம்பதைப் பத்தாக்கினால் திருத்துவதும் ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறதே. மிச்ச நேரத்தில் பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதலாம். தவறான வாக்கியங்களில் ஐந்தை மட்டும் கரும்பலகையில் எழுதி, பெயர் சொல்லாமல், வகுப்போடு சேர்ந்து பேசலாம். அந்தப் பேச்சைத் தமிழிலேயே நடத்துங்கள். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்று வைத்திருக்கும் பள்ளிகளும் உண்டு. சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் உள்ள தூரத்தை ஆங்கிலத்திலேயே பேசிப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு அந்த வகுப்பே தேவைப்படாது.

நூலக அலமாரியைத் திறந்துவிடுங்கள், இது இன்னொரு வேண்டுகோள். அ. சிதம்பரநாதன் செட்டியார் தலைமையில் சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் பல பள்ளிகளில் இருக்கிறது, பூட்டுக்குள். இல்லாத இடத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு சொல்லுக்கு எதிரே எத்தனை பொருள்கள் வரிசையாக நிற்கின்றன என்று பிள்ளைகள் கண்ணால் பார்த்தாலே, ஒற்றைச் சொல் பட்டியலை நம்பமாட்டார்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் நூலகத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். டீச்சர், சார், நீங்கள் வந்து உட்கார்ந்தால் பிள்ளைகளுக்குப் பெரிய தைரியம். பெரியவர் நாற்காலி எடுத்துப் போடுவார். இந்த வாரத்துக்கு நாங்கள் எடுத்து வைத்திருப்பது அலூவியல், வண்டல் மண்ணுக்கான சொல். கழுவுதல் என்ற வேரிலிருந்து வந்தது. டைல்யூட்டும் டெல்யூஜும் அந்த வழிதான். அண்ணன் மகளுக்குப் பிடித்த ஆன்டிடிலூவியனும் அதில்தான் வருகிறது, விடமாட்டேன் என்கிறாள்.

அவள் பாயச வாக்கியத்தை அடித்துவிட்டு, அதன் கீழே இன்னொன்று எழுதியிருக்கிறாள்: தாழம்பாய் முடைந்துகொண்டே பாட்டி பாடும் குரல் மெலிஃப்ளுவஸாக இருக்கும். நோட்டைத் திங்கட்கிழமை தன் ஆசிரியரிடம் காட்டப்போவதாகச் சொன்னாள். அந்த ஆசிரியர் இதைப் படிக்கிறாரா என்று தெரியாது. படித்தால், பக்கத்தில் ஒரு வரி எழுதிக்கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு வங்கி எழுத்தர்,
திருத்துறைப்பூண்டி வட்டம்.